“டாக்டர், இது என்ன கிராஸ்?” வாசகர் கேள்வி-பதில்

கலப்பின நாய்களைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கி, பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: காப்பகத்திலிருந்து மூன்று மாதக் குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். அட்டையில் ‘லேப்ரடார் கிராஸ்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் காது விடைத்து நிற்கிறது, முதுகில் கருப்புப் பட்டை, வால் மேலே சுருண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு இனம் சொல்கிறார்கள். நிஜமாகவே என்ன இனம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு பெரிதாக வளரும்?

பதில்: பார்த்துச் சொல்ல முடியாது. வருகிறவர்களால் மட்டுமல்ல, என்னாலும் முடியாது. நாயின் தோற்றத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது மிகச் சில மரபணுக்கள்தான். முடி நீளமா குட்டையா, சுருளா, முகத்தில் மீசை தாடி உண்டா என்பதையெல்லாம் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் முடிவு செய்துவிடுகின்றன என்று 2009-இல் கண்டறிந்தார்கள். நாய் சின்னதா பெரியதா என்பதில் ஐஜிஎஃப்1 என்ற ஒற்றை மரபணுவுக்குப் பெரிய பங்கு. அதனால் இரண்டு இனம் கலந்ததும் பெற்றோரின் சாயலே இல்லாத குட்டி பிறப்பது சாதாரண விஷயம். ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் காக்கர் ஸ்பானியலையும் பசெஞ்சியையும் கலந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பேரக்குட்டிகளில் சில இரண்டு இனத்தோடும் ஒட்டாமல், வேறு ஏதோ இனம் என்று சத்தியம் செய்யும்படி இருந்தன. போதாக்குறைக்கு, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே அப்பா வேறு வேறாக இருக்க முடியும். காப்பகங்கள் எழுதிக் கொடுத்த இனப் பெயரை டிஎன்ஏ சோதனையோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வும் 2009-இல் வந்தது. பெரும்பாலான நாய்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை. காப்பகத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் கண்ணால் பார்த்துத்தானே எழுத வேண்டியிருக்கிறது.

தெரிந்தே ஆக வேண்டும் என்றால் டிஎன்ஏ சோதனை ஒன்றுதான் வழி. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் போதும், நாய்க்கு வலிக்காது. முடிவில் பெரிய சதவீதமாக வருவதை நம்பலாம். மூன்று சதவீதம், நான்கு சதவீதம் என்று பட்டியலின் கடைசியில் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால், அந்தச் சோதனையில் இனப் பட்டியலைவிட நோய் மரபணுக்கள் பற்றிய பக்கம்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பக்கம்.

அளவைப் பற்றி. பாதம் பெரிதாக இருக்கிறது, அதனால் நாயும் பெரிதாகும் என்று கணக்குப் போடாதீர்கள். அதைவிட நல்ல வழி, இப்போதிருந்து வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைப்பது. நடுத்தர அளவு நாய்கள் பெரும்பாலும் நான்கு மாதத்தில் தங்கள் முழு எடையில் ஏறக்குறைய பாதியை எட்டியிருக்கும். சின்ன நாய்கள் அதைவிடச் சீக்கிரம் எட்டிவிடும், பெரிய நாய்களுக்குத் தாமதமாகும். வளர்ச்சி நிற்பதும் அப்படித்தான்: சின்னவை எட்டுப் பத்து மாதத்தில் நின்றுவிடும், பெரியவை ஒன்றேகால், ஒன்றரை வயது வரைகூட வளரும்.

இனம் தெரியாமலே ஒரு நாயை மிக நன்றாக வளர்க்க முடியும். எடை எவ்வளவு, முடி எப்படிப்பட்டது, மூக்கு நீளமா சப்பையா, நடையில் ஏதாவது கோணல் தெரிகிறதா, எதைக் கண்டால் பயம், எதைக் கண்டால் குஷி என்று கவனித்தாலே வளர்ப்புக்குத் தேவையானதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். அது அத்தனையும் உங்கள் கண்முன்னால் இருக்கிறது.

கேள்வி: என் மகளுக்குத் தும்மல், கண் அரிப்பு வரும். ‘லேப்ரடூடுல் வாங்குங்கள், முடி கொட்டாது, அலர்ஜி வராது’ என்கிறார்கள். உண்மையா? அந்த நாயின் முடியைப் பராமரிப்பது கஷ்டமா?

பதில்: முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: அலர்ஜி வராத நாய் என்று ஒன்று கிடையாது.

லேப்ரடூடுல் பிறந்த கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஹவாயில் கண்பார்வை இல்லாத பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் அலர்ஜி. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை உருவாக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன், லேப்ரடாரையும் பெரிய ரகப் பூடுலையும் 1989-இல் இணை சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், ஒரே ஒரு குட்டிதான் அந்த மனிதருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று. அப்போதும் மூன்றில் ஒன்று. பிறகு உலகம் முழுக்க இந்தக் கலப்பைக் கண்டபடி இணை சேர்த்து விற்க ஆரம்பித்தபோது, ஏன்தான் இதைத் தொடங்கினோமோ என்று கான்ரனே வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

அலர்ஜியைக் கிளப்புவது முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிற புரதங்கள்தான். அதில் முக்கியமானது கேன்எஃப்1. அலர்ஜி தராது என்று பேர் வாங்கிய நாய்களையும் மற்ற நாய்களையும் 2012-இல் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேர் வாங்கிய நாய்களின் முடியில் அந்தப் புரதம் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. ஆகவே மகளை அந்தக் குறிப்பிட்ட நாயோடு, ஒரு தடவை இல்லை, சில தடவை, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மணி நேரம் இருக்க விட்டுப் பாருங்கள். அலர்ஜி மருத்துவரிடமும் கேளுங்கள். வாங்கி, பாசம் வைத்து, ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுப்பது மகளுக்கும் கொடுமை, நாய்க்கும் கொடுமை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முடி கொட்டாது என்பதை ‘வேலை இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள், விஷயம் நேர்மாறு. உதிர்ந்த முடி தரையில் விழாமல் பக்கத்து முடியோடு சிக்கிக்கொள்கிறது. மேலே பார்த்தால் பஞ்சு மாதிரி அழகாக இருக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், பின்னங்கால் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், அங்கே கம்பளமாகக் கட்டியிருக்கும். அது தோலை இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் வலிக்கும். அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். ‘தொட்டாலே உறுமுகிறது, கோபக்கார நாய்’ என்று அழைத்து வந்த சில நாய்களுக்கு, அந்தச் சிக்கை மழித்துவிட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை.

மேலோட்டமாக பிரஷ் போட்டால் போதாது. ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற மாதிரி வகிடு எடுத்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக பிரஷ் செய்து, கடைசியில் உலோகச் சீப்பை வேரிலிருந்து நுனிவரை விட்டுப் பாருங்கள். எங்கேயும் தடுக்காமல் வந்தால் அந்த இடம் முடிந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது இது வேண்டும். குளிப்பாட்டுவது எப்போதும் சிக்கு எடுத்த பிறகுதான், ஏனென்றால் தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும். குளித்ததும் காது மடலைத் தூக்கி நன்றாகத் துடைத்துவிடுங்கள், தொங்கும் காதில் ஈரம் நின்றால் நாற்றமும் சொறியும் தேடி வரும்.

எதிர்ப்பக்கம் ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி கலப்பு நாய்களுக்கு மேல் முடி, உள் முடி என்று இரண்டு அடுக்கு இருக்கும். சூடாக இருக்கிறது என்று அவற்றை மொட்டை அடித்துவிடாதீர்கள். வெயில் நேராகத் தோலில் படும், முடி பழையபடி வளராமலும் போகலாம். உதிர்ந்த உள் முடியைச் சீவி எடுத்தாலே போதும்.

கேள்வி: கலப்பின நாய்க்கு நோயே வராது என்று சொல்லித்தான் வாங்கினோம். இப்போது மருத்துவர் பின்னங்காலைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிஸில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பரம்பரை நோய் உள்ள 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 24 நோய்களைப் பார்த்ததில் 10 நோய்கள் தூய இன நாய்களுக்கு அதிகம். 13 நோய்களில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும், பின்னங்கால் முழங்காலில் இருக்கிற சிலுவைத் தசைநார் அறுந்துபோவது, கலப்பின நாய்களுக்கே அதிகம்.

காரணம் புரிந்துவிட்டால் குழப்பம் இருக்காது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே கோளாறு மரபணு வந்து சேர்ந்தால்தான் சில நோய்கள் தலைகாட்டும். வேறு வேறு இனம் கலக்கும்போது அந்த வாய்ப்பு குறைகிறது. ஆனால் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டுக்குமே இடுப்பு மூட்டுக் கோளாறு உண்டு. அந்த இரண்டையும் கலந்துவிட்டு இடுப்பு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க என்ன நியாயம் இருக்கிறது? சப்பை மூக்குள்ள பக் நாயையும் பீகிள் நாயையும் கலந்தால் மூக்கு கொஞ்சம் நீளலாம், நீளாமலும் போகலாம். சப்பை மூக்கோடு பிறந்த குட்டிக்கு அம்மா பீகிள் என்பதால் மூச்சு லேசாகிவிடாது. அதற்குக் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு மாட்டுகிற ஹார்னஸ் போடுங்கள், வெயில் நேரத்தில் ஓட விடாதீர்கள்.

எக்ஸ்ரேயைத் தள்ளிப் போடாமல் எடுத்துவிடுங்கள். தசைநார் பாதி அறுந்த நிலையில் கண்டுபிடிப்பதற்கும் முழுசாக அறுந்த பிறகு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. உட்காரும்போது ஒரு காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி உட்காருகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் எந்த இனத்துக்கும் சலுகை கிடையாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிற கணக்கில் பூஸ்டர். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் அப்படியே.

கேள்வி: எங்கள் நாய் பார்டர் கோலி கலப்பு என்றார்கள். குழந்தைகள் ஓடினால் துரத்திப் போய்க் குதிகாலைக் கவ்வுகிறது. அது அந்த இனத்தின் குணம், மாற்ற முடியாது என்கிறார் என் கணவர்.

பதில்: அவர் சொல்வதில் ஒரு பகுதி சரி. ஆட்டு மந்தையை ஓட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த நாய்களுக்கு, ஓடுகிற எதையும் மடக்க வேண்டும் என்ற உந்துதல் ரத்தத்திலேயே இருக்கும். ‘மாற்ற முடியாது’ என்பது தவறு. 2022-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். அவற்றில் கலப்பின நாய்களும் ஏராளம். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கிற வேறுபாட்டில் சுமார் ஒன்பது சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. மிச்சமெல்லாம் அந்தந்த நாயின் தனி மரபணு, குட்டியில் பட்ட அனுபவம், வளர்ப்பு, வயது.

கவ்வும்போது கத்தாதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். குழந்தைகளிடம் அப்படியே மரம் மாதிரி நிற்கச் சொல்லுங்கள். ஓட்டம் நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். குழந்தைகள் ஓடி ஆடுகிற நேரத்தில் நாயை நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஓட ஆரம்பித்ததும், அது பாய்வதற்கு முன்னாலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியில் தின்பண்டம் கொடுங்கள். பிறகு பந்தையோ இழுத்து விளையாடும் துணியையோ காட்டுங்கள். கவ்வ வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு வடிகால் வேண்டும் இல்லையா? இந்த மாதிரி நாய்களுக்கு நடை மட்டும் போதாது, மூளைக்கும் வேலை வேண்டும். சாப்பாட்டைப் புல்லில் தூவி மோந்து தேட விடுவது, பொருளை ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது என்று தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.

ஆனால் உடம்பு விறைத்து, கண் நிலைகுத்தி, உறுமிக்கொண்டு வந்தால் அது மந்தை ஓட்டுகிற விளையாட்டு இல்லை. அப்போது வலி ஏதும் இருக்கிறதா என்று முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அடிக்காமல் பழக்குகிற பயிற்சியாளரிடம் போங்கள். அதுவரை குழந்தைகளோடு தனியாக விட வேண்டாம்.

கேள்வி: லேப்ரடார் கலப்பு, இரண்டு வயது. எவ்வளவு போட்டாலும் பசி, பசி. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இருக்காது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட நாய்க்குச் சாப்பாட்டு ஆசை அதிகம், எடையும் கூடும். உங்கள் நாய்க்கும் அது வந்திருக்கலாம். பாவம், அது நடிக்கவில்லை, நிஜமாகவே அதற்குப் பசிக்கிறது. அதற்காகக் கிண்ணத்தை நிரப்பினால் மூட்டுதான் விலை கொடுக்கும். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. ஜோடி நாய்க்குக் கொடுத்ததைவிடக் கால்பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் தாமதமாகவே வந்தது.

பாக்கெட்டில் இருக்கிற அளவு வெறும் ஆரம்பக் கணக்கு. கையால் பாருங்கள். உங்கள் உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து, விரல்களின் பின்பக்கத்தை மறு கையால் தடவுங்கள்: எலும்பு தெரியும், மேலே மெல்லிய தோல் இருக்கும். நாயின் விலா அப்படி இருந்தால் எடை சரி. முஷ்டி மடக்கினால் துருத்துகிற கணு மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கை மேடு மாதிரி அமுங்கினால் குண்டு. முடி அடர்த்தியான கலப்பின நாய்க்குக் கண்பார்வை ஏமாற்றும், கை ஏமாற்றாது. தின்பண்டம் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற சைலிட்டால் கலந்த இனிப்பு எதுவும் வாயில் படவே கூடாது.

கேள்வி: பெண் நாய், எட்டு மாதம், 24 கிலோ. கருத்தடை எப்போது செய்யலாம்?

பதில்: கலப்பின நாய்க்கு இதை இனத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, எடையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முழு வளர்ச்சியில் 20 கிலோவுக்கு மேல் போகிற கலப்பின நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று 2020-இல் டேவிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சின்ன நாய்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் உங்கள் நாய்க்கு ஒரு வயது தாண்டட்டும் என்றுதான் நான் சொல்வேன், உங்கள் மருத்துவரோடும் பேசிக்கொள்ளுங்கள். அதுவரை ஆண் நாய்கள் நெருங்காமல் காக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது: கருத்தடை ஆகாத பெண் நாய்க்கு வயதாக ஆகக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்து இருக்கிறது. இணை சேரும் பருவம் முடிந்த சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சார், கல்லூரி மாணவன் நான். என் நாயின் அம்மா கோலி இனம். வயிற்றுப்போக்குக்கு நாம் சாப்பிடுகிற லோபெரமைடு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதே தம்பி. கோலி வழி வந்த நாய்களில் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அந்த மரபணு சரியாக வேலை செய்தால்தான் சில மருந்துகள் மூளைக்குள் புகாமல் வெளியே தள்ளப்படும். கோளாறு இருந்தால் லோபெரமைடு, அதிக அளவு ஐவர்மெக்டின் (புழு, உண்ணி மருந்து) போன்றவை மூளையைத் தாக்கும்; தள்ளாட்டம், வலிப்பு வரும், உயிர்கூடப் போகலாம். கலப்பின நாய்க்கும் இது வரும். முதல் பதிலில் சொன்ன, கன்னத்தில் எடுக்கிற அதே டிஎன்ஏ சோதனையில் தெரிந்துவிடும், ஒரு முறை எடுத்து, முடிவை நாயின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எல்லாம் எந்த நாய்க்கும் நீயாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் நாய்க்கு ஒன்பது வயது, நாட்டம் குறைந்து படுத்தே கிடக்கிறது. ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்றால் அதற்கு 63 வயதா?

பதில்: அந்தக் கணக்கு எல்லா நாய்க்கும் பொருந்தாது. முதல் வருஷத்திலேயே நாய் வாலிபமாகிவிடுகிறது, அப்புறம் எடையைப் பொறுத்து வேகம் மாறும். ஆறேழு கிலோ நாய்க்கு ஒன்பது என்பது நடு வயது தாண்டியது, அவ்வளவுதான்; நாற்பது கிலோ நாய்க்கு அது முதுமை. நீங்கள் எடை எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்: படுத்தே கிடப்பதை ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிட வேண்டாம். மூட்டுவலி, பல் சொத்தை, தைராய்டு குறைவு, இதயக் கோளாறு என்று சரிசெய்யக் கூடிய காரணம் பல இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் இந்த வாரமே செய்யுங்கள், இனிமேல் வருஷத்துக்கு இரண்டு முறை காட்டுங்கள். உடம்பில் கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் இடம், அளவு, தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.